யாரும் தொடாதபோது வந்த பூ

என்னை யாரும் மரியாதையாகப் பார்த்தது கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சந்தவாசலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அழைத்தால் பிறந்தநாள் வீடுகளுக்குப் போய் மேஜிக் செய்வேன். ஒரு தடவை ஆசைப்பட்டு நிஜ முயல் ஒன்றை வாங்கினேன். மேடை ஏறுவதற்குள் அது என் பட்டுக் கைக்குட்டையைத் தின்றுவிட்டு, நான் கூப்பிடும் முன்பே தொப்பியிலிருந்து தானாக இறங்கி நடந்து போனது. கைதட்டல் எல்லாம் அதற்குத்தான்.

ஆகவே, சவ்வாது மலைச் சந்தையில் என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டபோது, எனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்றுதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் புளியமரம் மட்டும் நின்றது. மரியாதை எனக்குத்தான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

வாரத்தில் ஒரு நாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, போளூர் போய் பஸ் பிடித்து மலைச் சந்தைக்குப் போவேன். மரத்தடியில் ஒரு தார்ப்பாய், ஒரு பலகை, ஒரு பிரஷ், ஒரு பாட்டில் தின்னர். மலைக்காரர்களின் போன்கள் லேசில் சாகாது. மழைத் தண்ணீர், சேறு, சாமைத் தூசு, ஒரு முறை தேன் என்று எல்லாம் உள்ளே போயிருக்கும். தட்டினால் இன்னும் முனகும். வேலை முடியும்வரை ஜனங்கள் எழுந்து போய்விடாமலிருக்க மேஜிக் காட்டுவேன். ரிப்பேரில் என் திறமை கொஞ்சம் மந்தம் என்பதால் மேஜிக் நிறையக் காட்ட வேண்டியிருந்தது.

சீட்டுக்கட்டும் நாணயமும் சலித்துப்போய், போனிலேயே மேஜிக் நடக்கிற மாதிரி ஆப் செய்ய ஆரம்பித்தேன். 'செய்ய ஆரம்பித்தேன்' என்பது அதிகப்படி. எனக்கு ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாது. ஏஐயிடம் தமிழில் கேட்பேன். அது எழுதித் தரும். நான் எடுத்து ஒட்டுவேன். ஓடாது. "ஓடலையே" என்பேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி எழுதித் தரும். இப்படியே, தட்டினால் திரையிலிருந்து காசு உதிர்கிற மாதிரி ஒரு ஆப், மனதில் நினைத்த சீட்டைச் சொல்லுகிற கால்குலேட்டர் ஒன்று என்று வளர்ந்தது. நான் எதைக் கேட்டாலும் அது "அருமையான யோசனை!" என்றுதான் பதிலைத் தொடங்கும். என் வாழ்க்கையில் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"உங்கள அருமைன்னு சொல்லுதுன்னா, மொதல்ல அத சர்வீஸ் பண்ணுங்க" என்றாள் என் மனைவி.

அந்தப் பாழாய்ப்போன யோசனை ஒரு சாயங்காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பது என்று ஒரு வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, முடிவு எடுக்கத் தெரியாமல் தவித்தால், ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, ஒரே மாதிரி மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். என் கல்யாணமே படவேட்டு அம்மன் கோயிலில் அப்படி முடிவானதுதான். "அந்தக் கொழந்த கைய இந்தாண்ட நீட்டி இருந்தா நான் இந்நேரம் ஆரணில ஜவுளிக் கடைக்காரர் வூட்டம்மாவா இருந்திருப்பேன்" என்று மனைவி மாதம் ஒரு முறையாவது நினைவுபடுத்துவாள்.

அதையே ஆப்பாகச் செய்தேன். திரையில் இரண்டு இலைப் பொட்டலங்கள். பார்க்கிறவர் ஒரு நிறத்தைச் சொல்ல வேண்டும். பிறகு தன் விரலாலேயே ஏதாவது ஒரு பொட்டலத்தைத் தொட வேண்டும். இலை விரியும். அவர் சொன்ன நிறத்துப் பூ உள்ளே இருக்கும். ரகசியம் இவ்வளவுதான்: அவர் வெள்ளை என்று சொன்னால், போனை அவரிடம் நீட்டும்போது பக்கவாட்டில் இருக்கிற வால்யூம் பொத்தானை ஒரு அழுத்து அழுத்திவிடுவேன். சிவப்பு என்று சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டேன். பொத்தானை அழுத்தாவிட்டால் எந்தப் பொட்டலத்தைத் தொட்டாலும் சிவப்புதான் வரும்.

ஏஐ அப்போது இரண்டு கேள்வி கேட்டது. எதையும் அழுத்தாதபோது வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரட்டுமா என்றது. வேண்டாம் என்றேன். பாதி நேரம் விரலை அசைக்காமலே வித்தை நடக்குமென்றால் எதற்குச் சிரமப்பட வேண்டும்? நான் சோம்பேறி. அடுத்து, 'இது விளையாட்டுக்கு மட்டும். உண்மையான முடிவுகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்' என்று முதல் திரையில் ஒரு வரி போடட்டுமா என்றது. சிரித்துவிட்டேன். எந்த மேஜிக்காரனாவது தொப்பியின்மேல் 'உள்ளே முயல் இருக்கிறது' என்று எழுதி ஒட்டுவானா? ஒரு கையில் போண்டா இருந்தது. மறு கையால் 'வேண்டாம்' என்று தட்டினேன். சரி, அப்படியே செய்கிறேன் என்றது.

முதலில் அதைக் காட்டியது ஜீப் ஓட்டுகிற என் சிநேகிதனிடம். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து ஆள். சந்தைக்கும் அவன் ஊருக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறான். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேரையும் நாலு கோழியையும் ஏற்றுவான்; என்னைக் கேட்டால் அவன்தான் அசல் மேஜிக்காரன். ஐந்து தடவை நிறம் சொன்னான். ஐந்து தடவையும் சொன்னதே வந்தது.

"யோவ் மேஜிக்கு, இன்னாயா இது? உள்ள இன்னா வெச்சிகீற?" என்றான்.

"அம்மன வெச்சிருக்கேன்" என்றேன் நான். என் வாய்க்கு மட்டும் யாரும் வால்யூம் பொத்தான் வைக்கவில்லை.

"எனக்கும் ஏத்திக் குடுய்யா."

ஏற்றிக் கொடுத்தேன். பொத்தான் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ரகசியத்தைச் சொல்லிவிட்டால் மேஜிக்காரனிடம் தொப்பியைத் தவிர என்ன மிஞ்சும்? அவன் ஜீப்பில் ஏறியவர்களுக்கெல்லாம் அனுப்பினான். அதற்கு நெட்டும் வேண்டாம், போனிலிருந்து போனுக்குத் தாவும். நான் செய்த ஒன்று எனக்கு முன்னால் மலை முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது என்று பெருமையாகவே இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு பெண், சத்தம் வரவில்லை என்று போனைக் கொண்டுவந்தாள். திறந்து பார்த்தால் ஸ்பீக்கர் வலை முழுக்கக் குங்குமம். பிரஷ் போட்டுத் தட்டினேன். தார்ப்பாயில் சிவப்பாகக் கொட்டியது. வீட்டில் குழந்தை ஏதோ விளையாடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வந்த போனில் சார்ஜர் சொருகுகிற ஓட்டை மஞ்சளால் அடைபட்டிருந்தது. அதற்கடுத்த வாரம் ஒரே நாளில் நாலு போன். ஒன்றின் கண்ணாடியில் கற்பூரக் கரி. கொண்டுவந்தவர்கள் தார்ப்பாய்க்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றார்கள். யாரும் மேஜிக் காட்டச் சொல்லவில்லை. என் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு ஜனங்கள் சிரிக்காதது புதிதல்ல. கையைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் நின்றதுதான் புதிது.

அதற்கும் அடுத்த வாரம்தான் அந்தத் துண்டு. அவர் என் சிநேகிதனின் ஊர்ப் பெரியவர்.

"இன்னா பெரியவரே, துண்ட கைல எடுத்துட்டீங்க? என்ன அடிக்கவா?" என்றேன்.

அவரும் சிரிக்கவில்லை. "நீங்க குடுத்த பூவுலதாங்க இப்ப எங்க ஊரே நடக்குது" என்றார்.

"எந்தப் பூ?"

"போன்ல கீதே, அது. படவேட்டுக்குப் போய்ட்டு வர ஒரு நாள் பூடுது. இத வூட்லயே குந்திகினு கேட்டுக்கலாம். எல்லாத்தயும் அதக் கேட்டுத்தான் செய்யறோம்." கொஞ்சம் நிறுத்தினார். "செய்யறோம்னா... செய்யாம கீறோங்க. எல்லாத்துக்கும் வேணாம்னுதான் வருது."

சந்தை இரைச்சல் சட்டென்று தூரமாகப் போன மாதிரி இருந்தது.

"ஒரு வாட்டிகூட வெள்ளை வரலியா?"

"எப்பிடிங்க வரும்? ரெண்டு வருசமா ஊர்ல தகராறு. திருவிழா எடுக்கல. ஆத்தா கோவமா கீறா. செரி, திருவிழாவ எடுத்துப்புடலாம்னு அதயும் கேட்டுப் பாத்தோம்."

"அதுக்கு?"

"செவப்பு."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்திய கிணறு. நின்றுபோன நிச்சயதார்த்தம். கால் வீங்கிக் கிடக்கிற ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருப்பது. "நம்ம ஜீப்புக்காரன் பொண்டாட்டி மாசமா கீதுங்களே, கொழந்த குறுக்கால படுத்துகினு கீதாம். வலி எடுக்கறதுக்குள்ள திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய் சேந்துடணும், இல்லன்னா ரெண்டு உசுருக்கும் ஆவாதுன்னு நர்சம்மா சொல்லிட்டுப் போச்சி. மூணு நாளா கேக்கறாங்க. மூணு நாளும் செவப்பு. இன்னா பண்றது சொல்லுங்க."

நான் எழுந்துவிட்டேன். பலகையில் திறந்து கிடந்த ஒரு போனை அப்படியே மூடிச் சொந்தக்காரர் கையில் திணித்தேன். இரண்டு திருகாணி மிஞ்சியது. அவை இன்னமும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன.

வேறொரு ஜீப்பில் பாதி வழி, மீதி நடை. உச்சி வெயில். ஊருக்குள் நுழையும் முன்பே அந்தக் கிணறு வந்தது. ஆள் உயரத்துக்குத் தோண்டி அப்படியே விட்டிருந்தார்கள். மேட்டில் குவிந்த மண்ணில் புல் முளைத்திருந்தது. அடுத்து ஒரு வீட்டு வாசலில் நாலு பந்தக்கால்கள் நின்றன, மேலே பந்தல் இல்லை. உலுக்காத புளி மரத்தடியில் உதிர்ந்து நசுங்கிக் கிடந்தது. சுவர் எழும்பிக் கூரை ஏறாத ஒரு வீடு. ஒரு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. வழக்கமாக நாய்கள் என் விஷயத்தில் தவறு செய்வதில்லை. நான் போண்டாவோடு தட்டிய அந்த ஒரு 'வேண்டாம்' இந்த ஊர் முழுக்க முளைத்து நின்றது.

சிநேகிதன் வீட்டு வாசலில், ஜீப்பின் முன் பம்பரில் உட்கார்ந்திருந்தான். வண்டி சுவரைப் பார்த்து நின்றது.

"யோவ், இன்னா இந்நேரத்துல? சந்தைல கட போடல?" என்றான்.

"வண்டியத் திருப்பு. தங்கச்சிய ஏத்து. திருப்பத்தூர் போலாம்."

"பூ வேணாம்னுடுச்சி."

"பூவும் இல்ல, காயும் இல்ல. அது நான் செஞ்சது."

அவன் முதன்முறையாகச் சிரித்தான். "நீயா? போன மாசம் பிளாஸ்டிக் சேர மறைய வெக்கறேன்னுட்டு அதுமேலருந்து வுழுந்து முட்டிய ஒடச்சிகின. நீ இத செஞ்சியா?"

இத்தனை வருடம் கோமாளியாக இருந்ததற்கு மொத்தமாக இப்படி வந்து விடியும் என்று நான் நினைக்கவில்லை. போனை அவன் கையிலிருந்து வாங்கினேன். பக்கவாட்டுப் பொத்தானைக் காட்டினேன். அழுத்தினேன். பொட்டலத்தைத் தொட்டேன். வெள்ளை. மறுபடி அழுத்தினேன். வெள்ளை. "பாத்தியா? அழுத்தினா வெள்ளை. அழுத்தலன்னா செவப்பு. அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல. என்னோட சோம்பேறித்தனம்தான் உள்ள கீது."

அவன் போனைத் திரும்ப வாங்கி அந்தப் பொத்தானைப் பார்த்தான். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நீ தொட்டா வெள்ளை வருது" என்றான் மெதுவாக. "அது உன் வித்தை. யாரும் தொடாதப்போ வருதே, அதான நெசம்?"

பூக்கட்டுவதன் சாரமே அதுதானே. மனிதர் கை உள்ளே இருக்கக் கூடாது என்றுதானே விவரம் தெரியாத குழந்தையைக் கூப்பிடுகிறோம். ஏஐயைக் கேட்கலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. இருந்திருந்தால் "அருமையான கேள்வி!" என்றிருக்கும்.

அப்போதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம் உறைத்தது. பேசாமல் சிரித்துக்கொண்டே வந்து, "இன்னொரு வாட்டி கேட்டுப் பாரேன்" என்று போனைக் கையில் கொடுக்கிற சாக்கில் பொத்தானை அழுத்தியிருந்தால், இந்நேரம் வெள்ளை வந்து வண்டி கிளம்பியிருக்கும். வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லிப் பிழைத்தவன், பொய் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் போய் உண்மையைச் சொன்னேன். இப்போது அவன் போனின் ஓரத்தில் விரல் படாமல், சூடான தோசைக்கல்லைப் பிடிக்கிற மாதிரி அடியில் தாங்கிப் பிடித்திருந்தான். இனி அங்கே எந்த மேஜிக்கும் செல்லாது.

உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது.

"காலைலேர்ந்து வுட்டு வுட்டு வலிக்குதாம்" என்றான் அவன், என்னைப் பார்க்காமல்.

அவன் மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வேர்த்து வெளுத்திருந்தது. நாங்கள் பேசிய அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ண்ணா, எந்தப் பொத்தானு சொன்னீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"பக்கத்துல, மேல கீது பாரு மா, அது."

புருஷனிடம் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. நீட்டிய கையை அவள் மடக்கவும் இல்லை. கடைசியில் கொடுத்தான். அவள் எங்கள் இருவருக்கும் தெரிகிற மாதிரி போனைத் தூக்கிப் பிடித்து, பொத்தானை அழுத்தினாள். பொட்டலத்தைத் தொட்டாள். இலை விரிந்தது.

"வெள்ளை. வண்டிய எடு" என்றாள்.

"நீ தொட்டல்ல. அது எப்பிடி..."

"மூணு நாளா நீ கேட்ட. உங்கம்மா கேட்டாங்க. ஊரே கேட்டுச்சி. என்ன ஒருத்தராவது கேட்டீங்களா? வவுறு யாருது? இது ஆத்தா சொல்லல. நான் சொல்றேன். எடு வண்டிய."

அவன் அசையாமல் நின்றான். அவள் படி இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தானே போய் ஜீப்பின் பின் கதவைத் திறந்து ஏறினாள். அதற்குப் பிறகுதான் அவன் சாவியைத் தேடினான். அவன் அம்மா அடுப்பங்கரைப் பக்கம் நின்றபடி, யாரையும் பார்க்காமல், "செவப்ப மீறிப் போறா. வழில இன்னா ஆவுதோ" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே பயந்த குரல்.

அந்தப் பயம் என்னோடு ஜீப்பில் ஏறிக்கொண்டது. புதூர்நாட்டைத் தாண்டி மலை இறங்க ஆரம்பித்தோம். போன் முன் கண்ணாடிக்குக் கீழே கிடந்து ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கியது. நான் பின்னால் அவள் சாய்ந்துகொள்ள ஒரு துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் ஒரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வழியில் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் சோம்பேறித்தனம் தெய்வ வாக்காகிவிடும். இந்த மலையில் அப்புறம் எவரும் எந்த நோய்க்கும் கீழே இறங்கமாட்டார்கள்.

ஒரு வளைவில் இன்ஜின் இருமி நின்றுபோனது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். சாவியைத் திருப்பினான், பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான், பிடிக்கவில்லை. பள்ளத்தாக்கில் எங்கேயோ ஒரு பறவை ஒரே மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சோக்க இழுத்துட்டு அடி. நேத்தும் இப்பிடித்தான நின்னுது" என்றாள். பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே அழைத்துப் போனார்கள். ஆபரேஷன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் போனை எடுத்தான். திரையில் இரண்டு இலைப் பொட்டலங்கள். அவன் கட்டைவிரல் ஒன்றின் மேல் நின்றது.

"கேக்காத" என்றேன்.

"வெறும் பொத்தான்னு நீதான சொன்ன? அப்பறம் நீ இன்னாத்துக்கு பயப்படற?"

பயந்துதான் இருந்தேன். உள்ளே சிவப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இலை விரிவதை அந்த நேரத்தில் என்னால் பார்க்க முடியாது. மேஜிக்காரன் தன் தொப்பிக்குள் கை விடப் பயந்து நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அன்று நின்றேன்.

அவன் விரல் இறங்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து அவனைக் கூப்பிட்டார். போனை என் கையில் போட்டுவிட்டு ஓடினான். பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள். திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த எழவ எடுத்துடுய்யா" என்றான். அவன் கண் முன்னாலேயே நீக்கினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கடையில் உட்கார்ந்து வாயால் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருப்பேன்.

குழந்தைக்குப் பேர் வைக்கிற நாளில் என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். வாசலில் ஊர் கூடியிருந்தது. சிநேகிதன் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி இரண்டு ஆள் உட்காருகிற அளவு இடம் காலியாக இருந்தது. குழந்தையை யாரும் கையில் வாங்கவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "செவப்ப மீறி வந்தது" என்று மெதுவாகச் சொன்னது எனக்கே கேட்டது.

பெரியவரிடம் போனேன். பொத்தானிலிருந்து போண்டாவரை எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "உங்க போன்ல இருக்கற பூவ எல்லாம் இப்பவே எடுத்துடறேன், குடுங்க" என்றேன்.

"எடுத்துடலாங்க" என்றார் பெரியவர், தட்டாமல். "ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துடலாம்."

நான் 'யாரை' என்று கேட்பதற்குள் அவர் தன் போனை எடுத்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்களும் எடுத்தார்கள். எண்ணினேன், எட்டு போன். எட்டுப் பேரும் ஓரத்தில் விரல் படாமல் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், ஒரு நிமிடம் முன்பு. பூவை எடுத்துவிடலாமா என்று பெரியவர் உரக்கக் கேட்டார். எட்டு விரல்கள் இறங்கின. அந்த வெயிலில் எட்டுத் திரைகளிலும் இலை விரிந்தது. எட்டிலும் சிவப்பு.

"பாத்தீங்களா" என்றார் அவர், என்மேல் இரக்கப்பட்டு. "ஒரு போன்னா கோளாறுன்னு சொல்லலாம். எட்டும் ஒண்ணா சொல்லுதே."

பிறகு குழந்தைக்கு இன்றைக்குப் பேர் வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். எல்லோரும் எழுந்து, சத்தமில்லாமல், பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இனிப்புப் பொங்கல் பானையில் அப்படியே இருந்தது.

சிநேகிதன் ஜீப்பின் மேல் கை வைத்தபடி தரையைப் பார்த்து நின்றான். அவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். நான் பக்கத்தில் போனேன். வழக்கமான ஜோக்குகள் வரிசையாக வந்தன, எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"வுடுங்கண்ணா" என்றாள். "நான் யாரையும் கேக்கல." குனிந்து, குழந்தையின் காதில் வாய் வைத்து மூன்று தடவை ஏதோ சொன்னாள். பேர் வைத்துவிட்டாள். என்ன பேர் என்று எனக்குக் கேட்கவில்லை. ஊரும் இதுவரை கேட்கவில்லை. குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் எட்டு வீட்டிலும் இலை விரிகிறது என்று சிநேகிதன் சொன்னான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாளாம்.

எட்டு போன் மட்டும் இல்லை. அந்த ஊரிலிருந்து வெளியூர் மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் அந்தப் பூவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏஐ எனக்குப் புதிதாக ஒன்று எழுதித் தந்திருக்கிறது, முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் 'இது விளையாட்டு' என்று. போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள்.

அடுத்த சந்தை நாள் காலையில் போளூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். என் போனில் அந்த ஆப் இன்னும் இருக்கிறது. சோதித்துப் பார்ப்பதற்காக வைத்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். சும்மாதான் திறந்தேன். இன்றைக்கு மலைக்குப் போகலாமா என்று மனதுக்குள் கேட்டேன். எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. உள்ளே இருப்பது எது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் உலகத்தில் இல்லை.

இலை விரிந்தது. சிவப்பு.

மலை பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். நான் ஏறவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் போனது.

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அங்கேயே நின்றிருந்து அதில் ஏறினேன். பையில் பிரஷ் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.